கையெழுத்துக்கு முந்தைய நாள்: பொருநைக் கரையில் முதியோர் சொத்தும் அதன் காவலும்

எந்தத் தானசெட்டில்மென்ட் பத்திரத்தை எடுத்துப் படித்தாலும் நடை ஏறக்குறைய ஒன்றுதான். மகன்மீதுள்ள அன்பு அபிமானத்தை முன்னிட்டு எழுதிக்கொடுப்பதாகத் தொடங்கும். சொத்து இன்றைய தேதியிலேயே உன் சுவாதீனத்தில் ஒப்படைக்கப்பட்டது என்று சொல்லும். சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டனுபவித்துக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுக்கும். பின்னிட்டு எந்தக் காரணத்தாலும் இதை ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை என்று முடியும். பக்கத்துக்குப் பக்கம் ஒரு கையெழுத்து, அல்லது பெருவிரல் ரேகை. எழுதிக்கொடுத்தவர் நாளை எந்த அறையில் படுப்பார், யார் சோறு போடுவார், மாத்திரைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்குப் பெரும்பாலான பத்திரங்களில் ஒரு வரிகூட இருக்காது.

முதியவர்களின் பொருள் கைமாறுவது பற்றிப் பேசும்போது நமக்கு முதலில் நினைவுக்கு வருவது தொலைபேசியில் மிரட்டும் மோசடிக்காரன்தான். அவனும் உண்டு. ஆனால் பொருநை என்னும் தாமிரபரணியின் பாசனத்தில், பாபநாசத்திலிருந்து அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாகத் திருவைகுண்டம் வரை, பெரிய இழப்புகள் பட்டப்பகலில், சார்பதிவாளர் முன்னிலையில், சாட்சிகள் இருவர் கையெழுத்துடன் நடக்கின்றன. சட்டப்படி எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பதும் கடினம், கண்டுபிடித்தபின் மீட்பதும் கடினம்.

இதில் கட்டணத்தின் பங்கு பெரிது. தமிழ்நாட்டில் 50 லட்ச ரூபாய் மதிப்புள்ள வீட்டைக் கிரயம் செய்தால் முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக்கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து நாலரை லட்சம் ஆகும். அதே வீட்டைக் குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் எழுதினால், 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட பிறகும், தீர்வை 40,000 ரூபாய்க்கும் பதிவுக்கட்டணம் 10,000 ரூபாய்க்கும் மேல் போகாது. குடும்பத்துக்குச் செய்த நல்ல சலுகைதான் இது. ஆனால் ஒரு மூதாட்டியின் ஒரே உடைமையை ஒரு காலைப்பொழுதில், குறைந்த செலவில், திரும்ப வாங்கமுடியாதபடி மாற்றும் வழியும் இதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 60 வயதைத் தாண்டியவர்களில் ஆறில் ஒருவர் ஓராண்டில் ஏதாவதொரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார். அந்தக் கணக்குக்கு அடிப்படையாக அமைந்த 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, பணம், சொத்து சார்ந்த கொடுமையை மட்டும் 6.8 சதவீதம் என்று சொன்னது. இந்தியாவின் பெரிய முதுமை ஆய்வான லாசி, 2017-18-இல் எடுத்த முதல் சுற்றில், கடந்த ஓராண்டில் தங்களை மோசமாக நடத்தினார்கள் என்று ஒப்புக்கொண்ட முதியவர்கள் சுமார் 5 சதவீதம்தான். இந்தச் சிறிய எண்ணை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ளமாட்டேன். கணக்கெடுக்க வந்தவரிடம், அதுவும் மருமகள் அடுப்படியில் நிற்கும்போது, பெற்ற பிள்ளையைக் குறைசொல்லும் தாய் நம் ஊரில் அரிது. 2021 கணிப்பில் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

இந்த இழப்புகளுக்குத் திருநெல்வேலிக்கென்று சில காரணங்கள் உண்டு. ஆற்றுப்பாசன நஞ்சை இன்னும் பல குடும்பங்களில் பெரியவர் பெயரில்தான் பட்டாவாக இருக்கிறது. பிள்ளைகள் சென்னை, மும்பை, வளைகுடா என்று போய்விட்டார்கள். மும்பை தாராவிக்கும் நெல்லைக்கும் உள்ள உறவு மூன்று தலைமுறை பழையது. ஊரில் தங்கிய ஒரு பிள்ளைதான் எல்லாம் பார்க்கிறான். குத்தகை நெல்லை அளந்து வாங்குவது, வங்கிக்குப் போவது, ஆச்சியை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போவது எல்லாம் அவன் பொறுப்பு. பாளையங்கோட்டையைச் சுற்றியும் நாற்கரச் சாலையை ஒட்டியும் வயல்கள் மனையாகத் தொடங்கியதும், கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் தந்த நிலத்துக்குத் திடீரென்று வேறொரு விலை வந்தது. இன்னொரு பக்கம், பாளையங்கோட்டை ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிறைந்த ஊர். மாதம் தவறாமல் வரும் பென்சன்மீது கடன் வாங்கித் தரச்சொல்லி வீட்டுக்குள்ளிருந்தே கேட்பார்கள். மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் ஆயுள் முழுக்கப் பீடி சுற்றிய பெண்களிடம் இருப்பது கழுத்தில் கிடக்கும் ஒரு சங்கிலியும், காதில் கிடக்கும் கம்மலும். ‘ரெண்டு மாசத்துல திருப்பித் தாரேன் ஆச்சி’ என்று வாங்கி நகைக்கடனில் வைத்தால், அது ஏலத்துக்குப் போகும்போதுதான் சேதி வரும்.

பெண்களுக்கு இன்னொரு பத்திரமும் உண்டு: விடுதலைப் பத்திரம். வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989-இல் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005-இல் மத்தியத் திருத்தமும் மகளுக்குச் சமபங்கு தந்தபின், அண்ணன் தம்பிகள் அக்கா தங்கையிடம் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிவாங்கத் தொடங்கியது இது. எழுபது வயதில், பிறந்தவீட்டுப் போக்குவரத்து அறுந்துவிடும் என்ற பயத்தில் ஒரு பெண் போடும் கையெழுத்தைச் சொந்த விருப்பம் என்று பதிவேடு சொல்லும். அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அப்படியானால் எப்படிக் கண்டுகொள்வது? பாஸ்புக்கைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ஒவ்வொரு மாதமும் பென்சன் ஏறிய மறுநாளே முழுத்தொகையும் ஏ.டி.எம். வழியாக இறங்குகிறது, கார்டு வைத்திருப்பவர் நடக்கமுடியாத ஆள். பத்தாண்டுகள் அசையாமல் கிடந்த வைப்புநிதி முதிர்வுக்கு முன்னால் உடைக்கப்படுகிறது. மின்கட்டணம் கட்டாமல் நிற்கிறது. எப்போதும் தனியாக வந்து கவுன்டரில் பேசிவிட்டுப்போகும் ஐயா இப்போது இன்னொருவருடன்தான் வருகிறார், அவர் பேசுவதற்கு முன் கூடவந்தவர் பதில் சொல்கிறார். புதிதாக ஒரு கூட்டுக்கணக்கு, புதிதாக ஒரு நாமினி, புதிதாக ஒரு பவர் பத்திரம், மூன்றும் ஒரே மாதத்தில். இவற்றில் ஒன்று தனியாக இருந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் யாராவது நின்று கேட்கவேண்டும்.

அரசு தரும் முதியோர் உதவித்தொகையில் நடப்பது சிறியது, ஆனால் கொடியது. 2023 ஆகஸ்டில் அது மாதம் 1,200 ரூபாயானது. வங்கி முகவர் வீட்டுத் திண்ணைக்கே மெஷினைக் கொண்டுவருகிறார். ஆதார் ரேகை வைத்தால் பணம். ‘சரியா விழல, இன்னொரு தடவ வைங்க’ என்று இரண்டாவது ரேகை வாங்கும்போது, முதல் ரேகையிலேயே பணம் இறங்கியிருந்தால் படிப்பறியாத மூதாட்டிக்கு அது எப்படித் தெரியும்? ஒவ்வொரு ரேகைக்கும் ரசீது கேட்கலாம். வீட்டில் விவரம் தெரிந்த பேத்தி இருந்தால் ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டிவைத்து, பணம் எடுக்கும் நாளில் மட்டும் திறக்கலாம்.

பணக்கணக்கில் தடுமாற்றம் மறதிநோயின் முதல் அறிகுறிகளில் ஒன்று என்பது இன்று உறுதியாகிவிட்டது. அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், பின்னாளில் மறதிநோய் கண்டறியப்பட்டவர்கள், மருத்துவர் அதைச் சொல்வதற்கு ஆறு ஆண்டுகள் முன்பிருந்தே கடன் அட்டைத் தவணைகளைத் தவறவிடத் தொடங்கியிருந்தார்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. வீட்டில் அதை ‘வயசாச்சுல்லா’ என்று விட்டுவிடும் அந்த ஆறு ஆண்டுகள்தான் பத்திரம் எழுதிவாங்க வசதியான காலம்.

சட்டம் இதை அறியாததல்ல. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, வயது, நோய், மனத்துயரம் இவற்றால் மனத்திறன் தளர்ந்த ஒருவரிடம் ஒப்பந்தம் செய்பவர் அவரை அடக்கியாளும் நிலையில் இருப்பதாகவே கொள்ளவேண்டும் என்கிறது. முகத்திரைப் பெண்களைக் காக்கப் பிரிவி கவுன்சில் வளர்த்த நெறியை நீதிமன்றங்கள் எழுத்தறியாத பெண்களுக்கும் முதியவர்களுக்கும் நீட்டின. 2003-இல் உச்ச நீதிமன்றம் வங்காளத்து வழக்கொன்றில், நூறு வயது கடந்த எழுத்தறியாத ஒரு முதியவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட பத்திரத்தை ஏற்க மறுத்து, அவர் புரிந்துதான் எழுதினார் என்று நிரூபிக்கும் சுமை பத்திரத்தால் பயனடைந்தவர்மேல்தான் என்றது. அருமையான நெறி. ஆனால் அதற்காக உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, பல ஆண்டு காத்திருந்து, மேல்முறையீட்டையும் பார்க்கவேண்டும். எண்பது வயதில் யாருக்கு அத்தனை ஆண்டு இருக்கிறது?

அதற்கு விடையாக வந்தது 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். தமிழ்நாடு 2009-இல் அதற்கு விதிகள் வகுத்தது. வருவாய் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ தீர்ப்பாயம். நம் மாவட்டத்தில் திருநெல்வேலி, சேரன்மகாதேவி என்று இரண்டு கோட்டம். மேல்முறையீடு ஆட்சியரிடம். வக்கீல் தேவையில்லை. பராமரிப்பு மனு 90 நாளில் முடியவேண்டும், ஒருமுறை 30 நாள் நீட்டிக்கலாம். மாதப் பராமரிப்புக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். அதை நீக்க 2019-இல் வந்த திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. மனு கொடுக்க முடியாத நிலையில் உள்ளவருக்காக அவர் அனுமதித்த வேறொருவரோ அமைப்போ மனு கொடுக்கலாம். தீர்ப்பாயமே தானாகவும் எடுக்கலாம். இந்தக் கடைசி அதிகாரம் நம்மிடையே தூங்கிக்கொண்டிருக்கிறது.

சட்டத்தின் உயிர் 23-ஆம் பிரிவு. அடிப்படை வசதிகளும் தேவைகளும் தருவதாக நிபந்தனையிட்டு ஒரு மூத்த குடிமகன் சொத்தை மாற்றிக்கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யத் தவறினால், அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ நடந்ததாகக் கருதி ரத்து செய்யலாம். சண்டையெல்லாம் ‘நிபந்தனையிட்டு’ என்ற இடத்தில்தான். 2022 டிசம்பர் 6 அன்று, ஹரியானாவிலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததாக மனுவில் சொல்லவும் வேண்டும், நிரூபிக்கவும் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது. அன்பினால் கொடுப்பவர் கைம்மாறு எதிர்பார்ப்பதில்லை என்பது அதன் நோக்கு. 2025 ஜனவரி 2 அன்று, மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில் அதே நீதிமன்றம் வேறு தொனியில் பேசியது. அந்தத் தாய் 2019-இல் மகனுக்குத் தானப்பத்திரம் எழுதிய அன்றே, கடைசிவரை பார்த்துக்கொள்வேன் என்று மகன் தனித்தாளில் ஓர் உறுதிமொழி எழுதிக்கொடுத்ததாக வழக்கு. இது முதியோர் நலனுக்கான சட்டம், அந்த நோக்கம் நிறைவேறும்படி தாராளமாகவே படிக்கவேண்டும் என்று சொல்லி, தானத்தை ரத்து செய்து வீட்டைத் தாயிடம் திருப்பித்தரச் சொன்னது.

அடுத்த சில வாரங்களில், மார்ச் மாதம், சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு நாகப்பட்டினத்து 87 வயது மூதாட்டி ஒருவரின் பத்திரத்தைப் பற்றி இன்னும் ஓரடி முன்னே போனது. மகனுக்கு எழுதிக்கொடுத்தார், மகன் இறந்தபின் மருமகள் கவனிக்கவில்லை என்று கோட்டாட்சியரிடம் போனார், பத்திரம் ரத்தானது, மருமகள் எதிர்த்து வந்தார். அன்பினால் எழுதிக்கொடுத்தேன் என்பதிலேயே, என்னைப் பார்த்துக்கொள்வாய் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது, பத்திரத்தில் தனியாக எழுதியிருக்கவேண்டிய கட்டாயமில்லை என்றது அமர்வு. எந்த வரி முதியவரைக் கட்டிப்போட்டதோ அதே வரியை அவருக்கு ஆதாரமாக்கிய இந்தத் தீர்ப்பை நான் மனமார வரவேற்கிறேன். ஆனாலும் இதை நம்பி நிபந்தனை எழுதாமல் விடுவது ஆபத்து. 2022 தீர்ப்பு இன்னும் இருக்கிறது. எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்துக்காட்டும்.

ஊரில் பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையை இங்கே சொல்லியாகவேண்டும். ‘நான் எழுதிக்கொடுத்தேன், நானே போய் ரத்து பண்ணிருவேன்’ என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டு நடைமுறைக்கு வந்த செட்டில்மென்டை ஒருதலையாக ஒரு ரத்துப்பத்திரம் போட்டு அழிக்கமுடியாது. தீர்ப்பாயத்திலோ நீதிமன்றத்திலோதான் பரிகாரம். திங்கட்கிழமைதோறும் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு நிற்கும் முதியவர்கள் அறியவேண்டியதும் அதுவே. அங்கே கொடுக்கும் பொதுமனு கைமாறிக் கைமாறிக் கோட்டாட்சியரிடம் வந்து சேர நாளாகும். 2007-ஆம் ஆண்டுச் சட்டம், 23-ஆம் பிரிவு என்று தலைப்பிட்டு, பத்திர நகல், வில்லங்கச் சான்றுடன் நேரே கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கினால் அது வழக்கு.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். பதினைந்து ஆண்டு படுக்கையில் கிடந்த மாமியாருக்கு மலம் அள்ளிய மருமகளின் உழைப்புக்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கில்லை. கடைசியில் வீடு அவளுக்கு எழுதப்பட்டால், ஆண்டுக்கொருமுறை கோயில் கொடைக்கு வந்துபோன நாத்தனார்கள் ‘அம்மையை ஏமாத்தி வாங்கிட்டா’ என்பார்கள். உடன்பிறந்தார் சண்டையில் முதியோர் சட்டம் ஆயுதமாவதும் நடக்கிறது. 2020 டிசம்பரில் பெங்களூரு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தின் சுருக்க விசாரணையைப் பயன்படுத்தி, குடும்ப வன்முறைச் சட்டப்படி மருமகளுக்குள்ள குடியிருப்பு உரிமையைப் பறிக்கக்கூடாது என்று சொன்னது நியாயமானது. பார்த்துக்கொள்பவருக்குக் கொடுப்பதை வெளிப்படையாக, காரணம் எழுதி, மற்ற பிள்ளைகளுக்கும் தெரியும்படி செய்தால் கொடுத்தவரும் பிழைப்பார், வாங்கியவரும் பழியில்லாமல் இருப்பார்.

அம்பாசமுத்திரத்தில் வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆயிரத்து நூறு ஆண்டுக்கும் மேல் பழையது. கோயில் வழிபாட்டுக்காக 290 காசு இளங்கோக்குடிச் சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. முதல் அழியாமல், காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் வீதம் 580 கலம் நெல் பொலியாக, அதாவது வட்டியாக, அளக்கவேண்டும் என்பது ஏற்பாடு. பலனை அனுபவிக்கலாம், முதலில் கைவைக்க முடியாது. இதே ஆற்றங்கரையில் தெய்வத்துக்குச் செய்த அந்த ஏற்பாட்டை நம் வீட்டு ஆச்சிக்கும் செய்யலாம். இன்றைய சட்டத்திலேயே வழி இருக்கிறது.

முதலாவது உயில். இறக்கும்வரை சொத்து அவருடையதே. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது. எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் செட்டில்மென்டிலேயே ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும் வருமானத்தை அனுபவிக்கும் உரிமையையும் தனக்கு வைத்துக்கொண்டு எழுதலாம். அப்படி எழுதிய தானம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வங்கியில், ‘ஈதர் ஆர் சர்வைவர்’ கணக்கில் மகன் தனியாகவே மொத்தத்தையும் எடுக்கமுடியும். ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்று கேட்டு எழுதினால் முதல் பெயருக்குரியவர் இருக்கும்வரை அவர் மட்டுமே எடுப்பார். இந்த ஒரு வார்த்தை மாற்றத்தை எந்தக் கவுன்டரிலும் தாமாக யாரும் சொல்வதில்லை. நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்கும் ஆள் மட்டுமே என்பதும் அப்படித்தான்.

வெளித்திருடனைப் பற்றிச் சுருக்கமாக: ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. வீடியோவில் போலீஸ் உடையில் மிரட்டினால் போனை வைத்துவிட்டு 1930-ஐ அழைக்கவேண்டும். பணம் போயிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். முதியோருக்கான பொது உதவி எண் 14567.

எனக்குப் பெரிய கவலை பவர் பத்திரம்தான். மறதிநோய் வருமுன் நம்பிக்கையான ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவைக்க இங்கிலாந்தில் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் ஒரு நிலைத்த பவரை உருவாக்கியது. அதைக் கண்காணிக்கத் தனி அலுவலகமும் இருக்கிறது. இந்தியாவில், ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவுப்படி, கொடுத்தவர் மனநிலை பிறழ்ந்தவுடனே பவர் செத்துப்போகிறது. அதாவது அது மிகவும் தேவைப்படும் நாளில் செல்லாது. நேர்மையான பிள்ளை அன்றே உயர் நீதிமன்றத்தில் காப்பாளராக நியமிக்கக் கேட்டு அலையவேண்டும். நேர்மையற்றவன் யாரிடமும் சொல்லாமல் பழைய பவரை வைத்தே விற்றுக்கொண்டிருப்பான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சைக்குப் பிரதிநிதியை அனுமதித்தது, சொத்தைத் தொடவில்லை. இதற்கு நாடாளுமன்றம்தான் வழி செய்யவேண்டும்.

ஆனால் கையெழுத்துக்கு முந்தைய நாளில் செய்யவேண்டியதற்குப் புதுச்சட்டம் வேண்டாம். பதிவுச் சட்டம் 34-ஆம் பிரிவு, எழுதிக்கொடுத்தவர் அவர்தானா என்று சார்பதிவாளர் விசாரிக்கவேண்டும் என்கிறது. 35-ஆம் பிரிவு, மனத்திறன் அற்றவராகத் தோன்றினால் பதிவை மறுக்கவேண்டும் என்கிறது. 70 வயதைக் கடந்தவர் எழுதும் செட்டில்மென்ட் என்றால் கூடவந்தவர்களை வெளியே நிற்கச்சொல்லி, ‘இதுக்கப்புறம் எங்க இருப்பீங்க? இந்தப் பத்திரத்தைத் திரும்ப வாங்க முடியாதுன்னு தெரியுமா?’ என்று தனியாகக் கேட்டு, பதிலை எழுதிவைக்கப் பதிவுத்துறைத் தலைவரின் ஒரு சுற்றறிக்கை போதும். நோயாளிக்காக வீட்டுக்கே போய்ப் பதியும்போது இது இன்னும் அவசியம். பத்திர எழுத்தர்கள் கையிலுள்ள மாதிரிப்படிவத்தையும் திருத்தலாம். எழுதிவாங்குபவர் எழுதிக்கொடுப்பவரை அவர் ஆயுள்வரை உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் தந்து பராமரிக்கவேண்டும், தவறினால் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் 23-ஆம் பிரிவின்படி இந்தப் பத்திரத்தை ரத்து செய்துகொள்ளலாம் என்ற வாசகம் படிவத்திலேயே அச்சாகியிருக்கட்டும். வேண்டாம் என்பவர் அதை அடித்து, அடித்த இடத்தில் முதியவரிடம் தனிக் கையெழுத்து வாங்கட்டும். இந்த வாசகத்தைச் சேர்ப்பதால் முத்திரைத்தீர்வை ஒரு ரூபாய்கூட ஏறாது.